படத்தில் எப்போதும் ஒரு சிவப்பு இருக்கும்

ஒலியைப் படமாக்கிக் காட்டும் கேமராவின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. நல்ல கருவி. காசு இருந்தால் நானே ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன். அதன் படம் திரையில் வந்ததும் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல சார், சத்தம் வேற எங்கிருந்தோ வருது" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த ஃபிட்டர், சத்தம் பிறக்கும் இடம் இதுதான் என்று திரையில் விழும் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் "ஓ, அப்படிங்களா" என்று ஒதுங்கிக்கொள்கிறார். முதலாளி அந்த இடத்தை அடைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். எண்ணாகச் சொன்னால் ஆயிரம் சந்தேகம் கேட்கிறவர்கள் நிறமாகக் காட்டினால் நம்பிவிடுகிறார்கள்.

சேலத்தைச் சுற்றி இயந்திர அதிர்வு அளப்பதுதான் என் பிழைப்பு. பேரிங் தேய்ந்திருக்கிறதா, ஃபேன் பேலன்ஸ் போயிருக்கிறதா, மோட்டாரும் பம்ப்பும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது. சத்தம் அளக்கும் வேலை இதற்கு ஒட்டிப் பிறந்தது, அவ்வப்போது வரும். அப்படித்தான் அயோத்தியாப்பட்டணத்துக்கும் வாழப்பாடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் போனேன். மரவள்ளிக் கிழங்குக் கழிவுநீரில் இருந்து வரும் பயோகேஸில் ஓடும் எஞ்சின் ஒன்று அங்கே இருக்கிறது. சீசன் சமயத்தில் கேஸ் இரவு பகலாக வரும், அதனால் எஞ்சினும் இரவு பகலாக ஓடும். கரன்ட் பில்லில் மிச்சமாகிற தொகையை முதலாளி அண்ணன் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி மகிழ்வார். காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம், திப்பி (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கை) காயப்போடும் களத்தைத் தாண்டி ஒரு வீடு. அதில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். ராத்திரி தூங்க முடியவில்லை என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. மனு வந்ததும் வெளியூரில் இருந்து ஒலிக் கேமராவோடு ஓர் இன்ஜினியரை வரவழைத்தார். வட்டமான சட்டத்தில் சுருள் சுருளாக அறுபத்துச் சொச்சம் குட்டி மைக்குகள், நடுவில் ஒரு சாதாரண கேமரா. காம்பவுண்ட் ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு எஞ்சின் கட்டடத்தைப் பார்த்துத் திருப்பிவைத்தார். சிவப்பு சரியாக எஞ்சின் அறைச் சுவரின் சிமென்ட் ஜாலியில் உட்கார்ந்தது. ஜாலியை அடைத்து, காற்றுக்கு மட்டும் பஞ்சு வைத்த மடிப்புத் தடுப்பு போட்டார்கள். எல்லையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் டெசிபல் நன்றாகவே இறங்கியிருந்தது. அறிக்கையும் வந்துவிட்டது. டீச்சர் மட்டும், "முன்னைக்கு இப்பத்தான் மோசம்" என்றார்.

"அந்தம்மாவுக்கு நம்ம மேல என்னமோ கோபம் தம்பி, அதான் இப்படி" என்றார் அண்ணன். படம் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. இத்தனைக்கு எதிரில் ஒரு வயதான பெண்ணின் காது என்ன செய்யும்? அவர் சொல்வதற்கு மதிப்பில்லாமல் போன அந்த வேகம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சினின் அதிர்வை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

அந்தப் படம் எப்படி வருகிறது

அதற்கு முன்னால் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். அதாவது ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர். ஒரு புள்ளியில் பிறந்த சத்தம் சட்டத்தில் உள்ள மைக்குகளுக்கு ஒரே நேரத்தில் வந்து சேராது. கிட்ட இருக்கும் மைக்குக்கு முன்னே, எட்ட இருப்பதற்குப் பின்னே. கணினி படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, "சத்தம் இங்கிருந்து வந்திருந்தால் யார் யாருக்கு எவ்வளவு தாமதம்" என்று கணக்குப் போட்டு, அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டி எல்லா மைக்கையும் கூட்டுகிறது. ஊகம் சரியாக இருந்தால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மேலே எழும். தப்பாக இருந்தால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அவ்வளவுதான் பீம்ஃபார்மிங். கேட்க எளிது. 1976இலேயே பில்லிங்ஸ்லி, கின்ஸ் என்ற இருவர் ஜெட் எஞ்சின் இரைச்சலைப் பார்க்க இதே வழியில் ஒரு 'ஒலித் தொலைநோக்கி' செய்து எழுதியிருக்கிறார்கள். இப்போது மைக் மலிந்துவிட்டது, கணினியும் மலிந்துவிட்டது, சூட்கேஸில் வந்து இறங்குகிறது.

கூட்டி முடித்ததும் அதை வண்ணத்தில் தீட்ட வேண்டும் அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வழக்கமாக எல்லோரும் செய்வது, அந்தக் காட்சியில் எந்தப் புள்ளி அதிகமோ அதற்குச் சிவப்பு, அதில் இருந்து பத்து டெசிபல் கீழே வரைக்கும் மஞ்சள், பச்சை, நீலம். ஆக, சிவப்பு என்றால் சத்தம் அதிகம் என்று பொருள் இல்லை, அந்தப் படத்துக்குள் மற்றதைவிட அதிகம், அவ்வளவே. நடுச்சாமத்தில் ஏற்காடு ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்தாலும் எங்காவது ஒரு சிவப்பு விழும். இதை நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தறிப்பட்டறை ஒன்றில் இந்தக் கூத்தை நேரிலேயே பார்த்திருக்கிறேன். நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) ஓடும் பழைய விசைத்தறி. சத்தம் எங்கே பிறக்கிறது என்று அங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இடது முனையில் ஓர் அடி, வலது முனையில் ஓர் அடி, நாடாவை அடித்து அனுப்புவதும் மறுமுனையில் பிடிப்பதும்தான். கேமராவில் சிவப்பு தறியின் நட்டநடுவில் விழுந்தது, நெய்து வந்த துணியின் மேல். இரண்டு முனைக்கும் இடையில் உள்ள தூரத்தைவிடக் கருவியின் பார்வை மழுங்கலாக இருந்தால் இரண்டு பொட்டும் கலந்து நடுவில் ஒன்றாகிவிடும், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும். கருவி பார்க்கும் அலைவரிசையை, அதாவது சுருதியை, மேலே ஏற்றியதும் பொட்டு இரண்டாகப் பிரிந்து இரண்டு முனைக்கும் போய்ச் சேர்ந்தது. குறுகலான சந்தாக இருந்தால் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் ஒரு சிவப்பு வரும், அது வேறு கதை.

டீச்சர் வீட்டில்

ராத்திரி பத்து மணிக்கு மேல் போனேன். வாசலில் நின்றபோது எனக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் லாரி, எங்கோ நாய். "உள்ள வாங்க தம்பி, அங்க நின்னா தெரியாது" என்றார். படுக்கையறையில் கட்டில் விசித்திரமாகக் கிடந்தது. சுவரோடு ஒட்டாமல், தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நான்கடி இடைவெளி விட்டு, ஆள் நடக்கும் வழியில் நீட்டிக்கொண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் கேலி செய்கிறார்கள் என்றார். என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். காதுக்குள் ஏதோ அடைத்தாற்போல ஒரு "ம்ம்ம்ம்". கேட்கிறதா, உணர்கிறோமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. "இப்ப கட்டில் தலைமாட்டுக்கு வாங்க." வந்தேன். காணோம். உண்மையாகவே காணோம். "இன்னும் ரெண்டு எட்டு வைங்க, நடு ரூமுக்கு." மறுபடியும் "ம்ம்ம்ம்".

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் பையில் டேப் இருந்தது, அறையின் நீளத்தை அளந்தேன்: பதினைந்து அடி. எஞ்சின் ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 1500 சுற்று. நொடிக்கு 25 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சிலிண்டர் வெடிக்கும், ஆக நொடிக்கு 75 வெடிப்பு, 75 ஹெர்ட்ஸ். 343ஐ 75ஆல் வகுத்தால் அலைநீளம் 4.57 மீட்டர். அடிக்கணக்கில் அதுவும் பதினைந்து! அறைக்குள் ஒரு முழு அலை அளவெடுத்துத் தைத்ததுபோல நிற்கிறது. இரண்டு கோடிச் சுவரிலும் நடுவிலும் அழுத்தம் உச்சம். கோடியில் இருந்து கால் அலைநீளத்தில், அதாவது மூன்றே முக்கால் அடியில், ஒன்றுமில்லை. டீச்சர் கணக்குப் போடவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் கட்டிலை இழுத்து இழுத்து வைத்துப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். என் கையில் இருந்த டேப்பைவிட அவர் காது பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை.

"ஜாலியை அடைச்சதுக்கு அப்புறம் ஏன் டீச்சர் மோசம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "முன்னாடி அந்தக் கரகர சத்தம் இருந்துச்சு. அது என்னை ஒண்ணும் பண்ணல. மழை மாதிரி, கேட்டுக்கிட்டே தூங்கிடலாம். இது அதுக்குள்ள மறைஞ்சு கெடந்துச்சு. இப்ப இது மட்டும் தனியா நிக்குது." ஒலியியல் வகுப்பில் ஒரு சத்தம் இன்னொன்றை மறைப்பதைப் பற்றி ஒரு முழுப் பாடமே நடத்துவார்கள். இவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். அவர் மனுவில் எழுதியது 'எஞ்சின் சத்தம்' என்று. எந்தச் சத்தம் என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் காம்பவுண்டுக்கு ஃபேக்டரிப் பக்கமே நின்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மீட்டர் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்தில் இருந்து காலை ஆறு வரை 45 டெசிபல், அதுவும் 'ஏ' நிறையில், அதாவது நம் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவில். மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த சுருதி நம் காதுக்குக் குறைவாகவே கேட்கும் என்பதால், மீட்டர் அதைக் குறைத்துத்தான் எண்ணும். நம் 75க்குப் பக்கத்தில், 80 ஹெர்ட்ஸில், அந்தத் தள்ளுபடி இருபத்திரண்டரை டெசிபல். அறைக்குள் 60 டெசிபல் முனகல் இருந்தால் மீட்டருக்கு அது முப்பத்தேழரை. விதிப்படி எல்லாம் சரி, பாஸ். ஆனால் 'ம்ம்ம்' என்று ஒற்றைச் சுருதியில் விடாமல் வரும் ஒன்றும், அதே அளவு பொதுவான இரைச்சலும் தூங்குகிறவருக்கு ஒன்றாகிவிடுமா?

74 மீட்டர் அகலப் பொட்டு

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன், ஜாலி இல்லை, வேறு ஏதோ 75 ஹெர்ட்ஸில் அடிக்கிறது என்று. "அப்ப கேமராவுல ஏன் தம்பி வரல?" நியாயமான கேள்வி. கேமராவின் கூர்மைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, சட்டத்தின் அகலத்தால் வகுத்து, இன்னும் 1.22ஆல் பெருக்க வேண்டும். தொலைநோக்கிக்கு ரேலி என்ற இயற்பியலாளர் சொன்ன அதே கணக்கு. சட்டம் முக்கால் மீட்டர், தூரம் பத்து மீட்டர். 3000 ஹெர்ட்ஸில் பொட்டின் அளவு இரண்டு மீட்டருக்கும் குறைவு, ஜாலி அளவுதான். அதே கருவியை 75 ஹெர்ட்ஸில் கேட்டால் பொட்டின் அளவு 74 மீட்டர் வருகிறது. கட்டடம், களம், கிழங்கு லாரி, எடை மேடை, எல்லாமே ஒரே சிவப்பு. அப்படி ஒரு படத்தை அறிக்கையில் யாரும் போடமாட்டார்கள். அதனால் இன்ஜினியர் கருவி தெளிவாகப் பார்க்கும் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்தார், அதில் தெளிவாகத் தெரிந்ததைக் காட்டினார். பொய் எதுவும் சொல்லவில்லை. 3000 ஹெர்ட்ஸ் சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சரியான பதில். அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்டிருக்கவில்லை.

இனி எங்கே தேடுவது? சைலன்ஸரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அதன் வாய் கூரைக்கு மேலே மேற்குப் பக்கம் பார்த்து இருந்தது. சைலன்ஸர் பெரிதாகவும் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது டக்ட். எஞ்சினின் ரேடியேட்டர் விடும் சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் பெரிய தகரப் பெட்டி. இரண்டு மில்லி தகட்டில் உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. சுவரில் இருந்து கிளம்பி, களத்தை ஒட்டி நாலைந்து மீட்டர் ஓடி, அப்புறம் மேலே திரும்பும். ஃபிட்டர் அண்ணன் அதன் மேல்தகட்டில் கையை வைத்து, "தொட்டுப் பாருங்க சார், நடுங்குது" என்றார். உண்மைதான், உள்ளங்கை கூசியது.

அந்த மேல்தகட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து ஷெட்டில் மாவு சலிப்பதால் சுற்றுவட்டாரத்தில் எதன் மேலும் ஒரு வெள்ளைப் படிவு இருக்கும். தகட்டின் மேல் அது சும்மா படிந்திருக்கவில்லை. ஜவ்வரிசிக் குருணை கோடு கோடாக, கட்டம் போட்டதுபோல ஒதுங்கியிருந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒரு சாண். கட்டங்களின் நடுவில் நைஸ் மாவு சின்னச் சின்ன மேடாகக் குவிந்திருந்தது. க்ளாட்னி என்ற ஜெர்மானியர் 1787இல் தகட்டில் மணல் தூவி, ஓரத்தில் வில் இழுத்து, ஊர் ஊராகக் காட்டிய வித்தை இதுதான். தகடு ஆடாத கோட்டில் மணல் ஒதுங்கும். மாவு மாதிரி நைஸான தூள் மட்டும் ஏன் நேர்மாறாக, ஆட்டம் அதிகமான இடத்தில் போய்க் குவிகிறது என்பதை 1831இல் ஃபாரடே விளக்கினார்: ஆடும் தகட்டின் மேல் சின்னதாகக் காற்றுச் சுழல் உண்டாகிறது, இலேசான தூளை அது அள்ளிக்கொண்டு வருகிறது. கல்லூரியில் படத்தில் பார்த்தது. வாழப்பாடிப் பக்கத்தில் ஒரு டக்ட்டின் மேல், குருணைக்கும் மாவுக்கும் தனித்தனியாக, யாரும் சொல்லாமலே தானாக வரைந்து கிடந்தது. போன் கேமராவில் படம் எடுத்தேன். வெயில் கூசியதில் ஒன்றும் விழவில்லை.

ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது, பிறகென்ன என்று மேல்தகட்டில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஆட்டம் அடங்கிவிட்டது. ராத்திரி டீச்சர் வீட்டுச் சுவரோரம் போய் நின்றால் அதே "ம்ம்ம்ம்", ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

அதிகம் ஆடுவது வேறு, அதிகம் சத்தம் போடுவது வேறு. இதை நம்ப வைப்பதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான காரியம். மேல்தகட்டில் ஒரு கட்டம் மேலே போகும்போது அடுத்த கட்டம் கீழே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான், காற்றிலோ அலைநீளம் பதினைந்து அடி. மேலே தள்ளப்பட்ட காற்று அமுங்கிக் கிளம்பிப் போவதற்கு முன்பே பக்கத்துப் பள்ளத்தில் சரிந்துவிடும். வெளியே போவது ஓரத்திலும் மூலையிலும் சரிக்கட்ட இணை இல்லாமல் மிஞ்சுவது மட்டும்தான். இரண்டு மில்லி இரும்புத் தகட்டுக்கு 6000 ஹெர்ட்ஸ் வரை இந்தக் கதைதான். அதற்கு மேலேதான் தகட்டு அலை காற்றலையை முந்திக்கொண்டு தாராளமாகச் சத்தத்தை வீசும். கைக்கு இதெல்லாம் தெரியாது. கை ஆட்டத்தை மட்டும்தான் சொல்லும்.

சரி, பழைய வழிக்கே போவோம் என்று முடிவு செய்தேன். எஞ்சின் பிளாக்கில் ஓர் அதிர்வு உணரியை ஒட்டிவைத்து அதைக் கடிகாரமாக வைத்துக்கொண்டேன். டக்ட் முழுவதும் சாக்பீஸில் கட்டம் போட்டேன். ஒரே ஒரு மைக்கைத் தகட்டில் இருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, கட்டம் கட்டமாக நகர்த்தி, எஞ்சின் துடிப்போடு ஒப்பிட்டு, 75 ஹெர்ட்ஸில் அழுத்தம் எவ்வளவு, முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று குறித்தேன். எஞ்சின் ஒரே சீராக ஓடுவதால் அறுபது மைக் ஒரே நேரத்தில் செய்வதை ஒரு மைக் வரிசையாகச் செய்தால் போதும். பொறுமைதான் வேண்டும். ஃபிட்டர் அண்ணன் பேடில் எண்களை எழுதினார். இரண்டு பேர் காலிலும் கொசு.

மேல்தகட்டில் எதிர்பார்த்தபடி, ஒரு கட்டம் கூட்டல் (வெளியே தள்ளுவது), ஒரு கட்டம் கழித்தல் (உள்ளே இழுப்பது). பக்கத் தகட்டில்தான் ஆச்சரியம். களத்தையும் டீச்சர் வீட்டையும் பார்த்த பக்கம் அது. ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டு செய்திருந்ததால் கைவைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. செங்குத்தாக நிற்பதால் மாவும் தங்காது. அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது, ஒரே நேரத்தில் உள்ளே போகிறது. ஒன்றுகூட மாறவில்லை. டக்ட்டுக்குள் எஞ்சின் அடிக்கும் அழுத்தம் எல்லாக் கட்டத்தையும் ஒன்றாகத் தள்ளுகிறது. ஒன்றரை அடிச் சதுரமாக, நாலு பக்கமும் இறுகப் பிடித்த இரண்டு மில்லி தகட்டின் இயல்பான ஆட்டமே ஏறக்குறைய எழுபது எண்பது ஹெர்ட்ஸில்தான் வரும் என்று கணக்குப் போட்டால் தெரிகிறது. பட்டறைக்காரர் கெட்டியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் வைத்த இடைவெளி, எஞ்சினின் சுருதிக்கே போய்ப் பொருந்திவிட்டது. ஆட்டம் கொஞ்சம்தான், ஆனால் அத்தனை சதுர அடியும் ஒரே மூச்சாகத் தள்ளினால் அது ஒரு பெரிய ஸ்பீக்கர்.

பலகைகளை வைத்துப் பக்கத் தகட்டை அழுத்தி முட்டுக்கொடுத்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தோம். "குறைஞ்சிருக்கு. போகல" என்றார். அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை ஒரு ஆங்கிள் துண்டு வைத்து வெல்டு செய்தார்கள். தகட்டின் சுருதி மேலே ஏறி 75ஐ விட்டு விலகிவிட்டது. கட்டில் இப்போது சுவரோரம் போயிருக்கிறது. சுத்தமாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. காற்று வீசாத ராத்திரியில் இலேசாக வருகிறது என்கிறார். அது சைலன்ஸராக இருக்கலாம் என்று நினைக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.

கேமரா கொண்டுவந்த இன்ஜினியரோடு அப்புறம் போனில் நிறையப் பேசினேன். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். "நீங்க செஞ்சது நியர் ஃபீல்டு ஹாலோகிராஃபிதானே சார், ஒத்தை மைக்கை வெச்சுக் கையால செஞ்சிருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். தகட்டுக்கு மிக அருகில் மட்டும் உயிரோடு இருந்து, தள்ளிப் போனால் சடாரென்று செத்துவிடும் ஒலிப்பகுதி ஒன்று உண்டு. அதைப் பிடித்துவிட்டால் அலைநீளத்தின் தடை அவ்வளவாக இல்லை, எவ்வளவு கிட்டப் போகிறோமோ ஏறக்குறைய அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்து மேனார்ட், வில்லியம்ஸ், லீ மூவரும் 1985இல் எழுதிய கட்டுரையில் இருந்து இது ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைக்கும் மெக்கானிக்கும், என்னைக் கேட்டால், அந்தப் பரம்பரைதான்.

"பெரிய சட்டம் கொண்டுவந்திருந்தா நானும் காட்டியிருப்பேன்" என்றார். மூன்று மீட்டர் சட்டமே வைத்தாலும் அதே தூரத்தில் பொட்டு 18 மீட்டருக்கு மேல் வரும், டக்ட்டோ நாலைந்து மீட்டர் என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். "ஆனா சார், கஸ்டமர் கேக்குறதே படத்தைத்தான். 75 ஹெர்ட்ஸ்ல எல்லாமே சிவப்பா ஒரு படம் குடுத்தா எனக்கு அடுத்த ஆர்டர் வருமா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அறிக்கைக்குப் பணம் வாங்குகிறவன்தான். என் அறிக்கையில் இருந்தது சாக்பீஸ் கட்டமும் கூட்டல் கழித்தலும் மட்டும். அண்ணன் அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "கலர் இல்லையா தம்பி?" என்றுதான் கேட்டார்.

ஒலிக் கேமராவை வரவழைக்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது இவ்வளவே. யாருக்குத் தொந்தரவோ அவர் படுக்கும் இடத்தில் முதலில் போய் நில்லுங்கள். எந்தச் சுருதி என்று அவர் வாயாலேயே முனகிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் காட்டுவார்கள். அப்புறம் படம் கொடுக்கிறவரிடம், இது எத்தனை ஹெர்ட்ஸுக்கான படம், அந்த ஹெர்ட்ஸில் உங்கள் பொட்டு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். நல்ல இன்ஜினியர் என்றால் சந்தோஷப்படுவார்.

அடுத்த சீசனுக்கு அந்த ஃபேக்டரியில் இரண்டாவது எஞ்சின் வருகிறது, கேஸ் மிச்சமாக வீணாகிறதாம். புது டக்ட்டின் வரைபடத்தைப் போன வாரம் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதே பட்டறை, அதே இரண்டு மில்லி தகடு, ஆங்கிள் இடைவெளி அதே ஒன்றரை அடி. மாற்றச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது.